வடிவாம்பிகையின் ஒன்றேகால்

மணல்குறிச்சியில் செத்த மிக்ஸிகளும் செத்த டிவிகளும் எழுந்து நடமாடத் தொடங்கிய அந்த வருஷம், வயரில் கால் தட்டி விழாமல் இருப்பது எப்படி என்று ஊரே யோசித்துக்கொண்டிருந்தபோது, வடிவாம்பிகை மட்டும் தன் வயிற்றெரிச்சலுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தாள். பசி எரிச்சல் என்று நினைத்து முதலில் மோர் குடித்தாள்; பிறகு வெந்தயத்தை ஊறவைத்து விழுங்கினாள்; பிறகு பஜார் டாக்டரிடம் காட்டி வெள்ளை மருந்து ஒரு பாட்டில் வாங்கி மூடி மூடியாகக் குடித்தாள். எதற்கும் கேட்கவில்லை. கேட்காது என்று அவளுக்கும் உள்ளுக்குள் தெரியும். அந்த எரிச்சலுக்குப் பேச்சித்தாய் என்று பெயர்.

வடிவாம்பிகை பதினோரு வருஷமாகக் கணக்கெடுக்கிறவள். ஆள் கணக்கு, மாட்டுக் கணக்கு, கிணற்றுக் கணக்கு எல்லாம் எடுத்திருக்கிறாள் என்றாலும், அவளுக்கென்று அமைந்தது பழுதுக் கணக்குதான். உலகத்தில் எந்தெந்த தேசத்து வீடுகளில் வேலை செய்யாத மின்சாதனங்கள் எவ்வளவு கிடக்கின்றன என்று அறிந்துகொள்ள ஆசைப்பட்ட சில பெரிய மனிதர்கள் எங்கோ தூரத்தில் இருந்தார்கள். அவர்கள் ஐம்பத்து நாலு வகை எழுதி ஒரு படிவம் அனுப்பினார்கள். அந்தப் படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, குடையும் தண்ணீர் பாட்டிலுமாக, ஒரு நாளைக்கு நாற்பது வாசல் ஏறி இறங்கினாள் வடிவாம்பிகை. "வீட்டுல பழசு ஒண்ணும் கிடக்கலைல்லா?" என்று கேட்பாள். "என்னத்தக் கிடக்கு, ஒண்ணுமில்ல" என்பார்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் பேனா பூஜ்யம் போட்டிருக்கும், கால் அடுத்த படியில் இருக்கும். எப்போதாவது யாராவது ஒரு பழைய ரேடியோவை ஒப்புக்கொள்வார்கள். அப்படிக் கூட்டி வகுத்ததில் வீட்டுக்கு ஒன்றேகால் வந்தது. எல்லா வருஷமும் ஒன்றேகால்தான் வந்தது.

அந்த ஒன்றேகால் உலகப் புத்தகத்தில் அச்சாகியது. அலுவலக மேற்பார்வையாளர் தாணுமாலயன் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தார். நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம், மூன்றாவது வரிசை. எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம்கூட இருந்தது. மற்ற எண்களுக்கு இல்லாத நட்சத்திரம் தன் எண்ணுக்கு மட்டும் இருக்கிறதே என்று பூரித்துப்போய், அதை லேமினேட் செய்து துணி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்து, சேலை எடுக்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். பிள்ளைகள் படித்துப் போய்விட்டார்கள், வீட்டுக்காரர் முத்துக்குமாரசாமி கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுத்தர், பெரிதாகச் சொல்லிக்கொள்ள அவளுக்கு வேறொன்றும் இல்லை. உலகத்துக்கு அவள் சொன்ன ஒரே சொல் அந்த ஒன்றேகால்.

நட்சத்திரம் என்றால் "இந்த எண்ணை நம்ப வேண்டாம்" என்று பொருளென்பதைத் தாணுமாலயன் ஒரு திங்கட்கிழமை பகல் பதினோரு மணிக்குச் சொன்னார். "வெளிநாட்டுக்காரங்க நட்சத்திரத்த எல்லாம் எடுத்துடணும்னு பாக்காங்கம்மா. சரியான கணக்கு வேணுமாம். அதனால உங்களுக்குத் துணைக்கு ஒரு ஆள் போட்டிருக்கு."

துணைக்கு வந்தவள்தான் பேச்சித்தாய். இருபத்தாறு வயது. சுருட்டை முடி, கணுக்கால் தெரிய ஒரு சுடிதார், தோளில் துணிப்பை. வந்த அன்றே "யக்கா, நீங்கதான் ஒன்றேகால் அக்காவா?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். வடிவாம்பிகைக்கு முதல் எரிச்சல் அப்போதுதான் கிளம்பியது.

பேச்சித்தாய் தன் மூன்றாவது வாசலில், வெள்ளாளன்விளை முக்கில், சரசு என்கிற பெண்ணின் வீட்டு முன்னால் நின்று, "வேலை செய்யாம எதுவும் கிடக்காக்கா?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றாள் சரசு. வழக்கப்படி பேச்சித்தாய் அடுத்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சும்மா நின்றாள். கொஞ்ச நேரத்தில், ஒன்பது வருஷமாகப் பரணில் கிடந்த மிக்ஸி ஒன்று, வயரைப் பின்னால் இழுத்துக்கொண்டு, தத்தித் தத்தி வாசலுக்கு வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு இஸ்திரிப்பெட்டி. அதன் பின்னால் இரண்டு செல்போன்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக. சரசு அந்த மிக்ஸியைப் பார்த்து, "ஏ, ஓரமா வா, கோலம் அழியுது" என்றாள். மொத்தம் பதினேழு வந்தன. பேச்சித்தாய் ஒவ்வொன்றாக எழுதிப் பேனாவை மூடியதும், வந்த வழியே திரும்பி, பரணுக்குப் போகவேண்டியது பரணுக்கும், கட்டிலுக்கடியில் போகவேண்டியது கட்டிலுக்கடியிலும் போய்ப் படுத்துக்கொண்டன.

ஏன் அவளுக்கு மட்டும் வருகின்றன என்று மணல்குறிச்சியில் யாரும் மெனக்கெட்டு விசாரிக்கவில்லை. விசாரிக்க நேரமில்லை. வாசல் நிலை குறுகலான வீடுகளில் பழைய குண்டு டிவிகள் வெளியே வரமுடியாமல் முட்டிக்கொண்டு நின்றதால், தச்சர்களுக்கு அந்த மாதம் முழுக்க வேலை இருந்தது. புதிதாக டைல்ஸ் போட்டவர்கள், கீறல் விழாமலிருக்கக் கோணிச்சாக்கை விரித்துவைத்துவிட்டுப் பேச்சித்தாய்க்காகக் காத்திருந்தார்கள். கிரைண்டர் படியிறங்கும்போது உருண்டுவிடாமல் பிடித்துக்கொள்ள இரண்டு பேர் நின்றார்கள். இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காத சாமான்கள் வாசலுக்கு வந்ததும் நிற்காமல், நேரே தெருவைக் கடந்து உடையவர்கள் வீட்டுக்குப் போய் வரிசையில் நின்றன; அதனால் சில வீடுகள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டன, சில வீடுகள் புதிதாகப் பேசத் தொடங்கின. பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் வீட்டில், அவர் மனைவிக்குத் தெரியாத ஒரு செல்போன் அரிசிப்பானைக்குள்ளிருந்து ஏறிக் குதித்து வந்தது. அது செத்த போன்தான், அதிலிருந்து யாரையும் கூப்பிட முடியாது என்று மாஸ்டர் எவ்வளவு சொல்லியும் பிரயோஜனம் இல்லை.

பிறகு எண்கள் வெளியே தெரிய ஆரம்பித்தன. வீட்டுக்குச் சராசரி பத்தொன்பது. கீழத்தெருவுக்கு இருபத்தொன்று, மேலத்தெருவுக்குப் பதினேழு. மேலத்தெருக்காரர்களுக்கு அது தாங்கவில்லை. "அவங்களுக்கு இருபத்தொண்ணு இருக்கும்படியா அப்படி என்ன வாழ்ந்துட்டாங்க?" என்று கேட்டு, பழைய இரும்புக் கடையிலிருந்து உடைந்த மானிட்டர்களைச் சுமந்து வந்து பரணில் அடுக்கினார்கள். பேச்சித்தாய் மறுபடி வந்து நின்றபோது அந்த மானிட்டர்கள் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், வரிசையாகக் கீழத்தெருவுக்கு, தாங்கள் முதலில் இருந்த வீடுகளுக்கு, நடந்து போயின. கீழத்தெரு இருபத்து நாலானது.

வடிவாம்பிகை இதையெல்லாம் குடைக்குக் கீழே நின்று பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கால் அங்கேதான் போயிற்று. தன்னை வாசலில் கண்டதும் கதவைப் பாதி சாத்திக்கொண்டவர்கள், அந்தப் பெண்ணுக்கு மோர் கொடுப்பதையும், நாற்காலி போடுவதையும், "எங்க வீட்டுக்கு எப்ப வாரே?" என்று கையைப் பிடித்துக் கேட்பதையும் பார்த்தாள். அவளுடைய சுருட்டை முடியைப் பார்த்தாள். எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் ஆறுதல் பட்டாள். வீட்டுக்கு வந்தால் முத்துக்குமாரசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்தப் பிள்ள நம்ம வீட்டுக்கு எப்ப வருது? பக்கத்து வீட்டுல இருபத்தாறாம். நாம குறைஞ்சிடப்படாது" என்றார். வடிவாம்பிகை அவர் தட்டில் ரசத்தை ஊற்றாமல் ரசப் பாத்திரத்தோடு உள்ளே போய்விட்டாள்.

ஒரு மத்தியானம், அவர் பண்டகசாலைக்குப் போனபின், கதவைத் தாழிட்டுவிட்டு, ஓடாத மேஜை விசிறியின் முன்னால் உட்கார்ந்தாள். "வா" என்றாள். அது வரவில்லை. பேச்சித்தாய் குரலில், கொஞ்சம் இழுத்து, "வேலை செய்யாம எதுவும் கிடக்கா?" என்று கேட்டுப் பார்த்தாள். அதட்டிப் பார்த்தாள். கண்ணீர் வந்தபோது அதன் இறக்கையைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டாள். ஒரு சுற்று சுற்றி அது நின்றது.

மறுநாள் அவள் தாணுமாலயனிடம் போய், "சார், சாமான் தானா நடந்து வரணும்னு கையேட்டுல எங்கயும் போடல. வீட்டுக்காரங்க வாயால சொல்லித்தான் எழுதணும்" என்றாள். கையேட்டின் பக்கத்தையும் காட்டினாள். தாணுமாலயன் நேர்மையான மனிதர். அதை அப்படியே மேலே எழுதி அனுப்பினார். மேலே இருந்தவர்கள் அதற்கும் மேலே அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு நிபுணர் வந்து இறங்கினார்.

அவர் பெயர் யோகேஸ்வரி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, எங்கெங்கோ படித்து, உலகக் கணக்கைத் திருத்துகிற குழுவில் இருப்பவர். ஒல்லியான உடம்பு, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. பேச்சித்தாய் கூப்பிட்டுப் பதினாறு சாமான்கள் வந்து நின்றதை ஒரு வாசலில் பார்த்தார். வியக்கவில்லை. பொருள்களின் வகை எண்ணை மட்டும் சரிபார்த்தார்.

"வடிவா இருக்கு" என்றார். "ஆனா ஒரு சிக்கல். இவ கேட்டா வருது. இன்னொருத்தர் கேட்டாலும் அதே எண் வரவேணும். அப்பத்தான் அது கணக்கு. இல்லாட்டி அது அதிசயம். அதிசயத்துக்கு எங்கட படிவத்தில இடமில்லை."

"இன்னொருத்தர்னா?" என்றார் தாணுமாலயன்.

"உங்களிட்ட வேற ஆர் இருக்கினம்?"

எல்லோரும் வடிவாம்பிகையைப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான்: பேச்சித்தாய் ஏற்கெனவே எண்ணிய மாதாகோயில் தெருவில், முப்பத்தொரு வீடுகளிலும், வடிவாம்பிகை போய் நின்று கேட்க வேண்டும். பேச்சித்தாய்க்கு அங்கே வந்தவை ஐந்நூற்று எண்பத்தெட்டு. வடிவாம்பிகைக்கும் ஏறக்குறைய அவ்வளவு வந்தால் பத்தொன்பது உலகப் புத்தகத்தில் ஏறும். வராவிட்டால் பேச்சித்தாயின் கணக்கு முழுதும் தள்ளுபடி, பேச்சித்தாய்க்கும் வேலை இல்லை, பழைய ஒன்றேகால் அப்படியே இருக்கும். வடிவாம்பிகை செய்யவேண்டியதெல்லாம் ஒன்றுதான்: பதினோரு வருஷமாகக் கேட்டபடியே கேட்க வேண்டும்.

அன்று அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். வெள்ளை மருந்து தேவைப்படவில்லை.

மாதாகோயில் தெருவில் காலை ஒன்பது மணிக்கே கூட்டம். தெருக்காரர்களுக்குத் தங்கள் எண்ணைக் காப்பாற்ற வேண்டும். மேலத்தெருக்காரர்கள் அது கவிழ்வதைப் பார்க்க வந்திருந்தார்கள். பேச்சித்தாய் கொடிமரத்துக்குப் பக்கத்தில், துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். முதல் வீடு கொத்தனார் ஆரோக்கியத்துடையது. வடிவாம்பிகை படியேறி, படிவத்தைப் பாதி மூடியபடியே, "பழசு ஒண்ணும் கிடக்கலைல்லா?" என்றாள். ஆரோக்கியத்தின் மனைவி பாவம், பழக்கத்தில், "ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வீடு அமைதியாக இருந்தது. உள்ளே எதுவும் அசையவில்லை. யோகேஸ்வரி பூஜ்யம் எழுதினார். மேலத்தெருக்காரர் ஒருவர் சீட்டியடித்தார். இன்னும் முப்பது வீடு இப்படியே போனால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வடிவாம்பிகை திரும்பினாள். திரும்பியபோது பேச்சித்தாயின் முகம் கண்ணில் பட்டது. அதில் கோபம் இருக்கும், பயம் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள், அதைப் பார்க்கத்தான் ராத்திரியெல்லாம் ஆசைப்பட்டிருந்தாள். இரண்டும் இல்லை. பேச்சித்தாய் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் மெதுவாகச் சொன்னது அந்த அமைதியில் நன்றாகக் கேட்டது:

"பாவம் அக்கா. அவங்களுக்கு வராது."

வடிவாம்பிகைக்கு உள்ளங்கால் வரை சுட்டது. தோற்பதற்கென்றே வந்தவள், தோற்றால்தான் ஜெயிப்பவள், அந்த ஒரு சொல்லைக் கேட்டபின் தோற்க முடியாமல் போனாள். ஒன்றேகால் போனால் போகட்டும், நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம் கிழிந்தால் கிழியட்டும், இந்தச் சுருட்டை முடிக்காரி தன்னைப் பார்த்துப் பாவம் என்று சொல்லிவிட்டுப் போகக்கூடாது என்று அவளுக்குள் ஒன்று எழும்பியது.

"இந்த வீட்ட இன்னொரு தடவ கேக்கேன்" என்றாள் யோகேஸ்வரியிடம்.

"மூண்டு தரம் கேக்கலாம் எண்டு முறையில இருக்கு. கேளுங்கோ."

வடிவாம்பிகை குடையை மடக்கிக் கீழே வைத்தாள். படிவத்தை முழுக்கத் திறந்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வீட்டுக்குள் பார்த்தாள்: இருட்டு, கொடியில் துணி, சுவரில் மாதா படம், மேலே பரணின் மரச்சட்டம். "வேலை செய்யாம எதுவும் கிடக்கா?" என்று கேட்டுவிட்டு நின்றாள். வெயில் முதுகில் ஏறியது. அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று கால் தானாக நகரப் பார்த்தது, அதைப் பிடித்துவைத்தாள். வியர்வை இமையில் இறங்கியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கும் வா, என்று மனசுக்குள் சொன்னாள். அவளுக்கு வந்தாயே, எனக்கும் வா. எந்த ஜடத்தைப் பார்த்தும் யாரும் அவ்வளவு கெஞ்சியிருக்கமாட்டார்கள், அவ்வளவு பொறாமையோடும் கேட்டிருக்கமாட்டார்கள்.

உள்ளே எங்கோ ஏதோ கரகரத்தது.

ஒரு கிரைண்டர் வந்தது. கல் ஒரு பக்கம் சாய்ந்து, குடித்தவனைப் போலத் தள்ளாடி, வாசல்படி வரை வந்து வடிவாம்பிகையின் கால் பெருவிரலில் லேசாக முட்டி நின்றது. பின்னால் ஒரு டிவி, ஒரு டேப் ரிக்கார்டர், பேட்டரி ஊதிப்போன இரண்டு போன்கள், உடைந்த ரிமோட்டுகள். மாதாகோயில் தெரு கைதட்டியது. வடிவாம்பிகைக்கு எதுவும் காதில் விழவில்லை. குனிந்து, கிரைண்டரின் தலையை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டு, வகை எண் எழுதினாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

இரண்டாவது வீடு. மூன்றாவது வீடு. எல்லாம் வந்தன. பேச்சித்தாய்க்கு எத்தனை வந்தனவோ அத்தனையும், வகைக்கு வகை, வந்தன. ஒன்பதாவது வீட்டில், ஃபிலோமினா என்கிற வயசான அம்மா வீட்டில், பேச்சித்தாய்க்கு வந்த பதின்மூன்றும் வந்து நின்றபிறகு, வடிவாம்பிகை பேனாவை மூடப்போனாள். மூடவில்லை. ஏனென்று தெரியாமல் இன்னும் கொஞ்சம் நின்றாள். அப்போது நடுக்கூடத்துத் தரையில் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ ஒன்று நகர்ந்து வருவதை முதலில் ஃபிலோமினாதான் பார்த்தாள். அது வந்து சேர ஏழு நிமிஷம் ஆனது. தெருவே குனிந்து நின்று பார்த்தது. காதில் வைக்கிற கருவி. காதுகேளாமலே செத்துப்போன அவள் புருஷன் எங்கோ தொலைத்தது.

"இது இங்கயா கிடந்துச்சு" என்றாள் ஃபிலோமினா. "வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினோமே." அதைக் கையில் எடுக்கலாமா என்று யோகேஸ்வரியைக் கேட்டாள். "எழுதி முடியட்டும் அம்மா" என்றார் யோகேஸ்வரி. எழுதி முடிந்ததும் அது திரும்பிப் போகாமல் அந்த அம்மாவின் உள்ளங்கையில் ஏறிக்கொண்டது.

சாயந்திரம் கூட்டிப் பார்த்தபோது ஐந்நூற்று எண்பத்தொன்பது. "வித்தியாசம் ஒண்டு" என்று சொல்லி யோகேஸ்வரி கண்ணாடியைக் கழற்றினார். "இது போதும். பத்தொன்பது எண்டே போடுவம். நட்சத்திரம் தேவையில்லை." தாணுமாலயன் எல்லோருக்கும் டீயும் பருப்பு வடையும் வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருஷத்து உலகப் புத்தகத்தில் வடிவாம்பிகையின் எண் இருக்காது. அவள்தான் தன் வாயால் கேட்டு அதை அழித்தாள். அதற்காக அழவேண்டும் என்று வடையைக் கடித்துக்கொண்டே காத்திருந்தாள். அழுகை வரவில்லை. பேச்சித்தாய் டீயைக் குடிக்காமல், ஒன்பதாவது வீட்டுத் தாளைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

நாலு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி வெயிலில், மீன் வாங்கிவிட்டு மாதாகோயில் தெரு வழியாக வந்தாள் வடிவாம்பிகை. ஃபிலோமினா வீட்டு வாசலில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். படிவம் இல்லை, பை இல்லை, லீவு நாள். பதின்மூன்று சாமான்கள் அவள் முன்னால் வரிசையாக நின்றன. அவள் இன்னும் எதற்கோ காத்து நின்றாள். "அந்தக் காது மிஷின டப்பாவுல போட்டு வச்சிருக்கேன், போ பிள்ள, வெயிலு" என்று உள்ளேயிருந்து ஃபிலோமினா சொல்லிக்கொண்டிருந்தாள். "டப்பா திறந்துதான இருக்கு பாட்டி?" என்று கேட்டாள் பேச்சித்தாய். கேட்டுவிட்டு மறுபடியும் கூப்பிட்டாள். குரல் கம்மிப் போயிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

வடிவாம்பிகைக்கு அந்த முகம் நன்றாகத் தெரிந்த முகம். மேஜை விசிறியின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எதிரே கண்ணாடி இருந்திருந்தால் அதைத்தான் பார்த்திருப்பாள். இரக்கப்பட வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. கொஞ்சம் இரக்கம் வரவும் செய்தது. அதற்கு முன்னாலேயே வேறொன்று, ஐஸ் போட்ட நன்னாரி சர்பத்தைப் போல, தொண்டையிலிருந்து அடிவயிறு வரை குளுகுளுவென்று இறங்கிவிட்டது.

"ஏ பிள்ள, தலைல துணியாவது போட்டுக்க" என்றாள்.

பேச்சித்தாய் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. கொஞ்ச நேரம் கால் விரலால் தரையைக் கீறினாள். பிறகு கேட்டேவிட்டாள்.

"யக்கா, அது உங்ககிட்ட மட்டும் எப்படி வந்துச்சு?"

எப்படி வந்தது என்று வடிவாம்பிகைக்கும் தெரியாது. பேனாவை ஏன் மூடாமல் நின்றாள் என்று இந்த நாலு நாளாக அவளும் யோசித்து ஒன்றும் பிடிபடவில்லை. மீன் பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டு, பேச்சித்தாயைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தடவை பார்த்தாள்.

"அனுபவம்" என்றாள்.